ஒன்பதாம் படி: பின்கழுத்தைத் துடைத்தல்

மார்ச் பதினான்காம் தேதி, வெள்ளிக்கிழமை, மாலை நாலு மணி நாற்பது நிமிடத்துக்குத் தொழிற்பேட்டை இரண்டாம் தெருவில் இருந்த குடைத் தொழிற்சாலையின் கடைசி இயந்திரம் லாரியில் ஏற்றப்பட்டது. அதே லாரியில் பதினாறு பெட்டி அச்சுகளும், நாற்பது கட்டுத் துணியும், ஒரு சுவர்க் கடிகாரமும், ‘சோதனை 7’ என்று அச்சிட்ட சின்ன ஒட்டுச்சீட்டுகள் ஒன்பது சுருளும் ஏறின. சரக்குப் பட்டியலில் இவை எல்லாம் இருந்தன. தொழிலாளர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் பட்டியலில் இல்லை. அவர்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள்.

ஏழு என்பது அந்தத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் குடைகளைச் சோதித்தவரின் எண். தைத்து முடிந்து வரும் குடையை அவர் மூன்று முறை விரிப்பார், மூன்று முறை மூடுவார். தண்டில் கொக்கி விழும் சத்தத்தைக் காதால் கேட்பார். கம்பி முனைகளில் விரலை ஒரு சுற்று ஓட்டுவார். சரியாக இருந்தால் சீட்டை ஒட்டி வலப்பக்கம் வைப்பார். இல்லையென்றால் “கழிவு” என்று சொல்லி இடப்பக்கம் போடுவார். மற்ற சோதனைக்காரர்கள் சீட்டை முதல் கம்பியில் ஒட்டுவார்கள். இவருக்கு இடக்கைப் பழக்கம். அந்தக் கை இயல்பாகப் போய் நிற்பது மூன்றாம் கம்பியில். யாரும் ஏன் என்று கேட்டதில்லை. வேலை செய்தவர்கள் எல்லோரும் அவரை ஏழு என்றே கூப்பிட்டார்கள். கோபம் வந்தால் அவர் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவார்.

ஜனவரியில் இரண்டு பேர் ஒரு கேமராவும் நிறுத்தற்கடிகாரமும் கொண்டுவந்து இரண்டு வாரம் அவரைப் படம் பிடித்தார்கள்.

“எதுக்குத் தம்பி இதெல்லாம்?” என்று கேட்டார் ஏழு.

“உங்க கை அவ்வளவு சுத்தம் சார். எல்லாரும் பார்த்துக் கத்துக்கணும் இல்லையா?”

அந்த இரண்டு வாரமும் அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். அவர் மேசைக்கு மேலிருந்த மின்விசிறி அப்போது ஓடவில்லை. பக்கத்திலேயே அச்சு உலை. பத்துக் குடைக்கு ஒரு தடவை தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பின்கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அதையும் படம் பிடித்தார்கள்.

லாரி போன மறுநாள் நிர்வாகத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது. தொழிலாளர்களுக்குக் கம்பெனி கொடுத்திருந்த குடியிருப்பைத் தொண்ணூறு நாளில், அதாவது ஜூன் பன்னிரண்டுக்குள், காலி செய்ய வேண்டும். ஆனால் ‘உலகமயத்தால் பாதிக்கப்பட்டவர்’ என்று உரிய ஆணையத்திடம் சான்று வாங்கி வருபவர்கள் மேலும் இரண்டு வருடம் அங்கேயே இருந்துகொள்ளலாம். ஏழின் வீடு ஒரு கூடம், ஒரு அறை, ஒரு சமையலறை. கூடத்து ஜன்னல் வெளிச்சத்தில் மனைவி தையல் இயந்திரம் போட்டுப் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தார். மகள் தெருக்கோடிப் பள்ளியில் கடைசி வகுப்புக்குப் போகவிருந்தாள்.

“ரெண்டு வருஷம் கெடைச்சா போதுங்க, இவ படிப்பு முடிஞ்சிரும்” என்றார் மனைவி. “ஒரு காகிதம்தானே? போய் வாங்கிட்டு வாங்க.”

*

உலகமய நன்மைகள் பகிர்வு ஆணையம் கண்ணாடி போர்த்திய ஏழு மாடிக் கட்டடம். தரைத்தளத்தில் பாதிப்புப் பிரிவு. மேலே உள்ள ஆறு தளங்களும் நன்மைப் பிரிவுகள். மின்தூக்கி முதல் மாடியிலிருந்துதான் கிளம்பும்.

பாதிப்புப் பிரிவின் அலுவலர் ஒரு பெண்மணி. கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றி வைத்திருந்தார்.

“என்ன வேலை பார்த்தீங்க?”

“குடையை விரிச்சுப் பார்க்கிற வேலைங்க மேடம்.”

“விரிச்சுப் பார்த்துட்டு?”

“மூடிருவேன்.”

அலுவலர் ‘இரு பணிகள்’ என்று எழுதிக்கொண்டார். பிறகு மூன்று படிவங்களை எடுத்து வைத்தார்.

“இது நாலு. உங்களுக்கு வேலை இருந்துச்சுங்கிறதுக்கு. இது அஞ்சு. இருந்த வேலை போயிருச்சுங்கிறதுக்கு. இது ஆறு. போன வேலை போய்ச் சேர்ந்துருச்சுங்கிறதுக்கு.”

“போய்ச் சேர்ந்ததுக்கு நான் எப்படிங்க மேடம் சான்று தர்றது?”

“நீங்க தர வேணாம். உங்க வேலையை இப்ப யார் பார்க்கிறாங்களோ அவங்க கையெழுத்துப் போடணும். ‘இன்னார் வேலை என்னிடம் நல்ல நிலையில் வந்து சேர்ந்தது’ன்னு.”

“போச்சுன்னு நான் சொன்னா போதாதுங்களா? தொழிற்சாலை காலியாக் கெடக்கு. வேணும்னா வந்து பாருங்க.”

“காலியா இருந்தா போச்சுன்னு அர்த்தமா? நடுவழியில தொலைஞ்சிருந்தா? தீப்பிடிச்சிருந்தா? அதுக்கெல்லாம் வேற துறை இருக்கு. ஒரு எடத்துல இருந்து கிளம்பி இன்னொரு எடத்துல போய்ச் சேர்ந்தாதான் உலகமயம்.” அலுவலர் கண்ணாடியைக் கீழே இறக்கினார். “இப்ப நன்மைக் கழிவுப் பேட்டி. உங்களுக்குக் கெடைச்ச நன்மையைப் பாதிப்புல இருந்து கழிக்கணும். நேரா பதில் சொல்லுங்க. குடை விலை கொறைஞ்சிருக்கு. நீங்க எத்தனை குடை வாங்கினீங்க?”

“ஒண்ணும் வாங்கலைங்க.”

“ஏன்?”

“வீட்ல பதினொண்ணு இருக்குங்க. எல்லாம் கழிச்சுப் போட்டது.”

“அப்ப நன்மை உங்க வாசல் வரைக்கும் வந்திருக்கு. நீங்க கதவைத் தொறக்கலை.” அவர் எழுதியதை ஏழு தலைகீழாகப் படித்தார். ‘கிடைத்த நன்மையைப் பெற மறுத்தவர்.’

வெளியே வரும்போது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. “என்னண்ணே, உங்களையும் குடை வாங்கச் சொன்னாங்களா?” குடைத் தண்டில் கைப்பிடி மாட்டும் வேலை பார்த்தவர் வரிசையில் நின்றிருந்தார். எல்லோருக்கும் அவர் கைப்பிடிக்காரர். “நான் மூணு வாங்கினேன்னு பொய் சொல்லிட்டேன். அப்ப நீ பயனடைஞ்சவன், உனக்குச் சான்று கெடையாதுன்னு அனுப்பிட்டாங்க. இப்ப மறுபடி வந்திருக்கேன், வாங்கலைன்னு சொல்லலாம்னு.”

*

படிவம் நகர வேண்டுமானால் ஐந்து நாள் மறுதிறன் பயிற்சியில் உட்கார்ந்து எழ வேண்டும் என்பது விதி. பயிற்சி இரண்டாம் மாடியில் நடந்தது. நாற்பது பேர் படியேறிப் போனார்கள்.

பயிற்சியாளர் இளைஞர், நல்ல குரல். முதல் நாள் எல்லோரையும் எழுந்து நின்று முன்னால் குனியச் சொன்னார். “இன்னும்... இன்னும்... கை பாதத்தைத் தொடணும். என்ன தோணுது?”

“முதுகு வலிக்குது சார்” என்றார் கைப்பிடிக்காரர்.

“அந்த வலிக்குப் பேர் நெகிழ்வு. உலகச் சந்தை நம்மகிட்ட எதிர்பார்க்கிறது அதைத்தான். வேலை போச்சுன்னு இனிமே யாரும் சொல்லக் கூடாது. வேலை பயணம் போயிருக்குன்னு சொல்லணும். எங்கே, எல்லாரும் சொல்லுங்க.”

நாற்பது பேரும் குனிந்தபடியே சொன்னார்கள்.

இரண்டாம் நாள் மாற்றுத் தொழில்களின் பட்டியல் கொடுக்கப்பட்டது. மொத்தம் பன்னிரண்டு. பூட்டுச் சாவி அறுத்தல், செருப்பு அட்டை ஒட்டுதல், பொம்மைக்குக் கண் வைத்தல் என்று போயிற்று. பட்டியல் நாலு வருடத்துக்கு முன்னால் அச்சடித்தது.

“சார், இந்தப் பூட்டுக் கம்பெனி போன வருஷமே போயிருச்சு” என்று ஒருவர் சொன்னார். “அதுல இருந்துதான் நான் வந்திருக்கேன்.”

“பொம்மையும் போயிருச்சு சார்” என்றார் பின்வரிசைப் பெண் ஒருத்தி. “கடைசிக் கண்ணை நான்தான் வெச்சேன்.”

பயிற்சியாளர் பட்டியலைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் காலியாக இருந்தது. “திறமை என்னைக்கும் வீணாப் போகாது” என்று சொல்லிவிட்டு மறுபடி குனியச் சொன்னார்.

மூன்றாம் நாள் அவர் வரவில்லை. அவர் நின்ற இடத்தில் ஒரு பெரிய திரை இருந்தது. அதில் வேறு நாட்டிலிருந்து ஒரு பெண் பேசினார். சிறிது தாமதமாகத் தமிழ்க் குரல் ஒன்று அவர் வாய்க்குப் பின்னாலேயே ஓடிவந்தது. குனியச் சொல்லிவிட்டு நிமிரச் சொல்வதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. சொல்லாமல் நிமிர்ந்தால் வருகைப் பதிவு போய்விடுமோ என்று பதினைந்து நிமிடம் எல்லோரும் அப்படியே நின்றார்கள்.

ஐந்தாம் நாள் கீழே இறங்கிவந்தபோது பயிற்சியாளர் தரைத்தள நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் நாலு, ஐந்து, ஆறு மூன்று படிவங்களும் இருந்தன.

“என்ன சார், பயணமா?” என்று கேட்டார் கைப்பிடிக்காரர்.

பயிற்சியாளர் படிவம் நாலில் தன் பெயரை எழுதத் தொடங்கினார்.

*

புதிய குடைகள் கடைக்கு வந்துவிட்டிருந்தன. மகள் ஒரு கடையில் குடையின் அட்டையைப் படம் எடுத்து வந்து, அதிலிருந்த மின்னஞ்சல் முகவரிக்குக் கைப்பேசியில் கடிதம் எழுதினாள். கைப்பேசியே அதை அந்த நாட்டு மொழிக்கு மாற்றிக்கொடுத்தது. அப்பா யார், என்ன வேலை செய்தார், படிவம் ஆறில் யாருடைய கையெழுத்து வேண்டும் என்று எழுதியிருந்தாள். பதினெட்டு நாள் ஒன்றும் வரவில்லை. பத்தொன்பதாம் நாள் பதில் வந்தது. எழுதியவர் அந்தத் தொழிற்சாலையின் சோதனை மேசையில் வேலை செய்யும் ஒரு பெண். மகள் உரக்கப் படித்தாள்.

“ஐயா, உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் அச்செடுத்தார்கள், ஆனால் யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. துப்புரவு செய்யும் அம்மா என்னிடம் கொடுத்தார். இங்கே இருபது பெண்கள் சோதனை செய்கிறோம். இருபது பேருக்கும் எண் ஏழுதான். சுருளில் அப்படி அச்சாகியிருக்கிறது. முதல் நாள் எங்களுக்கு ஒரு படம் காட்டினார்கள். அதில் வருபவர் செய்வதை அப்படியே செய்ய வேண்டும். அவர் எல்லாம் இடது கையால் செய்கிறார். எங்களில் பத்தொன்பது பேருக்கு வலது கைப் பழக்கம். மூன்று பேருக்கு மணிக்கட்டு வீங்கிவிட்டது. அந்தப் படத்தில் இருப்பவர் நீங்களா?”

ஏழு நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

“எங்களுக்கு ஒரு சந்தேகம் உண்டு. செய்முறையில் மொத்தம் ஒன்பது படிகள். ஒன்பதாம் படி, பத்துக் குடைக்கு ஒரு முறை துண்டால் பின்கழுத்தைத் துடைத்தல். இங்கே குளிர். எங்களுக்கு வேர்ப்பதில்லை. ஆனாலும் துடைக்காவிட்டால் மேற்பார்வையாளர் அரை நாள் வருகையைக் கழிக்கிறார். எல்லோருக்கும் துண்டு கொடுத்திருக்கிறார்கள். இந்தப் படி எதற்கென்று அவருக்கும் தெரியவில்லை. தரத்துக்கு அவசியம் என்று மட்டும் சொல்கிறார். நீங்கள் சொன்னால் உதவியாக இருக்கும். படிவத்தில் நான் கையெழுத்துப் போடுகிறேன். அசல் தாளைத் தபாலில் அனுப்புங்கள்.”

மனைவி தையலை நிறுத்திவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. “அந்த ஃபேனை ரிப்பேர் பண்ணச் சொல்லி மூணு தடவை எழுதிக் குடுத்தீங்களே. பண்ணியிருந்தா இந்தப் பொண்ணுங்க தப்பிச்சிருக்கும்.” பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பாவம், அந்த வீங்கின கைக்கு என்ன பண்றாங்கன்னு கேளுடி” என்றார்.

*

படிவம் தபாலில் போனது. அது திரும்பி வருவதற்குள் ஆணையத்தின் களச் சரிபார்ப்புப் பிரிவு தானாக ஒரு வேலை செய்திருந்தது. விண்ணப்பதாரரின் வேலை உண்மையில் போய்விட்டதா என்று அறிய, அவர்கள் வெவ்வேறு கடைகளில் ஐம்பது குடை வாங்கி விரித்துப் பார்த்திருந்தார்கள். ஐம்பதிலும் மூன்றாம் கம்பியில் ‘சோதனை 7’ இருந்தது. தொழிற்சாலை கொடுத்த பழைய பணியாளர் பதிவேட்டில் ஏழு என்ற எண்ணுக்கு எதிரே ஒரே ஒருவர் பெயர்தான் இருந்தது.

மே இருபதாம் தேதி அலுவலர் ஏழைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“வேலை இல்லைன்னு சொன்னீங்க. ஐம்பது குடையில உங்க சீட்டு இருக்கு. போன வருஷம் நீங்க ஒரு நாளைக்கு அறுநூறு குடை பார்த்திருக்கீங்க. இப்ப பன்னண்டாயிரம் பார்க்கிறீங்க.”

“மேடம், அது அங்க வேலை செய்யற பொண்ணுங்க. சீட்டு லாரியில போச்சு. நான் வீட்ல உட்கார்ந்திருக்கேன்.”

“வீட்ல உட்கார்ந்துக்கிட்டே பன்னண்டாயிரமா?” அலுவலர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அவரை முதல்முறையாக நன்றாகப் பார்த்தார். “இருங்க. இது எங்க பிரிவு இல்லை. மேல அனுப்பணும்.”

கோப்பு முதல் மாடிவரை படியேறி, அங்கிருந்து மின்தூக்கியில் ஆறாம் மாடிக்குப் போனது. ஒரு வாரத்தில் ஏழுக்குச் செய்தி வந்தது. ஆணையம் அந்த ஆண்டுக்கான ‘உலகத் தொழிலாளர்’ விருதுக்கு அவரைத் தேர்ந்தெடுத்திருந்தது.

விழா கட்டடத்தின் அரங்கில் நடந்தது. முன்வரிசையில் வெளிநாட்டு விருந்தினர்கள். மனைவியும் மகளும் கடைசி வரிசையில். ஆணையர் உயரமானவர், எழுதி வைக்காமல் பேசக்கூடியவர்.

“உலகமயத்தால் வேலை போகிறது என்று ஒரு கூச்சல் இருக்கிறது” என்று ஆரம்பித்தார். “நான் முப்பத்தோரு நாடுகளுக்குப் போய் வந்திருக்கிறேன். வேலை இழந்த ஒருவரைக்கூடச் சந்தித்ததில்லை. விமான நிலையத்தில் இல்லை. விடுதிகளில் இல்லை. மாநாட்டு அரங்குகளில் இல்லை. அவர்கள் இருந்தால் எங்காவது ஓரிடத்தில் கண்ணில் பட்டிருக்க மாட்டார்களா?”

கைதட்டல்.

“இதோ இந்த எளிய மனிதரைப் பாருங்கள். இவர் கைகள் கடல் தாண்டி உழைக்கின்றன. இவரோ இங்கே ஓய்வாக இருக்கிறார். இதற்கு முன்னால் இந்த வசதி மன்னர்களுக்குத்தான் இருந்தது. தியாகம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. என் மகனும் மகளும் வெளிநாட்டில்தான் வேலை பார்க்கிறார்கள். நம் நாட்டு வேலைகள் வெளியே போவதில் என் குடும்பத்தின் பங்கும் இருக்கிறது என்று அடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.”

ஏழுக்கு ஒரு கண்ணாடிக் கேடயமும், ஒரு பாராட்டுப் பத்திரமும், ஒரு குடையும் தந்தார்கள். குடை கையில் வந்ததும் அவர் கை தானாக வேலையைத் தொடங்கியது. விரித்தார், மூடினார். இரண்டாம் தடவை விரிக்கும்போது கொக்கி விழும் சத்தம் வரவில்லை. மூன்றாம் தடவையும் வரவில்லை. முனைகளில் விரலை ஓட்டினார். ஒலிவாங்கி அவர் முன்னால் இருந்தது.

“கழிவு” என்று சொல்லிக் குடையை இடப்பக்கம் வைத்தார். இடப்பக்கம் ஆணையரின் மடி இருந்தது.

ஆணையர் குடையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். “பார்த்தீர்களா! வெற்றியின் உச்சியிலும் தன் பொருளைத் தானே குறை சொல்லும் பணிவு!”

கைதட்டல் நெடுநேரம் நீடித்தது. விருந்தினர்களில் ஒருவர் எழுந்து நின்றார்.

மறுநாள் காலையில் ஏழு கேடயத்தைத் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு தரைத்தளத்துக்குப் போனார்.

“மேடம், என் பாதிப்புச் சான்று?”

“நேத்துதான் மாலை போட்டாங்க. இன்னைக்கு வந்து பாதிக்கப்பட்டேன்னு சொன்னா யாருங்க நம்புவாங்க?”

“அப்ப இந்த விருது வேணாங்க. வாங்கிக்கங்க. எனக்கு வீடு இருந்தா போதும்.”

“விருதை எறக்கி வைக்கணும்னா ஏழு நீங்க இல்லைன்னு நிரூபிக்கணும்.”

“எப்படிங்க?”

“படிவம் ஆறு.”

*

படிவம் ஆறு ஜூன் ஒன்பதாம் தேதி வந்தது. அந்தப் பெண் தெளிவாகக் கையெழுத்துப் போட்டிருந்தார். ‘வந்து சேர்ந்த நிலை’ என்ற இடத்தில், ‘நல்ல நிலை, ஆனால் இடது கை’ என்று எழுதியிருந்தார். மகள் அப்பாவின் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள். மறுநாள் அவர் வாசலைத் தாண்டும்போதே கைப்பேசிக்கு இன்னொரு கடிதம் வந்தது.

“ஐயா, நேற்று இங்கே இயந்திரங்களை லாரியில் ஏற்றிவிட்டார்கள். எங்களைவிடக் குறைந்த கூலிக்கு ஆள் கிடைக்கும் இடம் ஒன்று அகப்பட்டிருக்கிறதாம். படத்தையும் கொண்டுபோய்விட்டார்கள். துண்டுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். இங்கும் ஒரு ஆணையம் இருக்கிறது. படிவம் ஆறு கேட்கிறார்கள். வேலை உங்களுக்குப் பிறகு எனக்கு வந்தது. எனக்குப் பிறகு யாருக்குப் போகிறது என்று தெரிந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.”

ஏழு இந்தக் கடிதத்தைப் பற்றிச் சொல்லாமல் படிவத்தை மட்டும் கொடுக்கலாம் என்று நினைத்தார். அலுவலரின் மேசையில் அன்றைய வர்த்தகச் செய்தி விரித்தபடி இருந்தது.

“இந்தக் கம்பெனிதான் அங்கயும் மூடிருச்சே” என்றார் அலுவலர். “கையெழுத்துப் போட்டவங்ககிட்ட இப்ப வேலை இல்லை. வேலை இல்லாதவங்க கையெழுத்து செல்லாது.”

“போடும்போது இருந்துச்சு மேடம்.”

“இப்ப எங்க இருக்கு?”

“தெரியலைங்க. வழியில இருக்கும்.”

“போய்ச் சேரட்டும். சேர்ந்ததும் அந்த ஆள்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வாங்க.” அவர் புதிய படிவம் ஆறு ஒன்றை எடுத்து நீட்டினார். “பழசுல திருத்தக் கூடாது.”

ஜூன் பன்னிரண்டு, வியாழக்கிழமை காலையில் அவர்கள் குடியிருப்பைக் காலி செய்தார்கள். தையல் இயந்திரத்தைத் தரையோடு பிடித்திருந்த திருகாணிகளை ஏழு கழற்றினார். மனைவியின் அண்ணன் வீட்டில் பின்பக்கம் ஓர் அறை கிடைத்தது. அதற்கு ஜன்னல் இல்லை. சீருடை தைப்பது நின்றது. பள்ளிக்கு இரண்டு பேருந்து மாற வேண்டும்.

“இதை என்ன பண்றது?” என்று மனைவி கண்ணாடிக் கேடயத்தைத் தூக்கிக் காட்டினார்.

“வாசக்கதவுக்கு முட்டுக் குடு. சாத்திச் சாத்திப் போகுது.”

*

செப்டம்பர் முதல் வாரம் தொழிற்பேட்டை இரண்டாம் தெருவுக்கு லாரிகள் வந்தன. பதினாறு பெட்டி அச்சுகளும், சுவர்க் கடிகாரமும், மிச்சமிருந்த இரண்டு சுருள் ஒட்டுச்சீட்டும் இறங்கின. கடிகாரம் வேறு ஊர் நேரத்தைக் காட்டியது. கூடம் முழுவதற்கும் குளிர்சாதனம் போட்டிருந்தார்கள். குடியிருப்பின் உட்சுவர்களை இடித்து அட்டைப்பெட்டிகள் அடுக்கும் கிடங்காக மாற்றியிருந்தார்கள். புதிய கம்பெனி வீடு தராது.

திறப்பு விழாவுக்கு ஆணையர் வந்தார். “போன வேலை திரும்பி வந்திருக்கிறது” என்றார். “ஏன் வந்தது? ஆறே மாதத்தில் இந்த ஊரில் கூலி பாதியாக இறங்கியிருக்கிறது. அதை இறக்கிக் கொடுத்த இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களுக்கும் இந்த நேரத்தில் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.”

ஆள் எடுப்பதற்குத் தேர்வு வைத்தார்கள். சோதனை மேசைக்கு ஓர் இடம்தான் முதலில் நிரப்பப்படும். ஏழும் கைப்பிடிக்காரரும் வேறு முப்பது பேரும் வந்திருந்தார்கள். தேர்வு நடத்திய இளம்பெண் கையில் நிறுத்தற்கடிகாரம் வைத்திருந்தார். விளக்கை அணைத்துப் படம் போட்டார். சலவைச் சட்டை போட்ட ஒருவர் தோளில் துண்டோடு குடைகளை விரித்து மூடிக்கொண்டிருந்தார்.

“இவர் செய்யற மாதிரியே செய்யணும்” என்றார் பெண். “ஒண்ணு கூடவும் கூடாது, கொறையவும் கூடாது. மூணு நாட்டுல இதுதான் முறை.”

“அம்மா, அது நான்தாம்மா” என்றார் ஏழு.

“வெரி குட். எல்லாரும் அப்படி நெனைச்சுக்கிட்டுச் செஞ்சாதான் வரும்.”

கைப்பிடிக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டார்.

ஏழின் முறை வந்தது. மேசை அதே மேசை. முனையில் அவர் கைபட்டுத் தேய்ந்த இடம் அப்படியே இருந்தது. ஆணியில் புதுத்துண்டு ஒன்று தொங்கியது. அவர் விரித்தார், மூடினார், காது கொடுத்தார், மூன்றாம் கம்பியில் சீட்டை ஒட்டினார். முப்பது குடை. அதில் இரண்டைக் கழித்தார். இரண்டும் உண்மையில் கெட்டவை. அவ்வளவு வேகமாக அன்று வேறு யாரும் செய்யவில்லை. கூடம் குளுகுளுவென்று இருந்தது. அவருக்கு வேர்க்கவில்லை.

“ஒன்பதாம் படி விட்டுப்போச்சு” என்றார் பெண். “மூணு தடவையும்.”

“அது ஃபேன் ஓடாததால தொடைச்சதும்மா. இப்பதான் சில்லுன்னு இருக்கே.”

“எல்லாப் படியும் தரத்துக்கு அவசியம் சார். காரணம் நமக்குத் தெரியாம இருக்கலாம்.”

அடுத்து கைப்பிடிக்காரர் உட்கார்ந்தார். வலக்கைக்காரர். இடக்கையால் தடுமாறினார். கெட்ட குடை மூன்று அவர் விரல் வழியே வலப்பக்கம் போயிற்று. ஆனால் பத்துக் குடைக்கு ஒரு தடவை மறக்காமல் துண்டை எடுத்துப் பின்கழுத்தை நிதானமாகத் துடைத்தார். அப்போது அவர் ஏழைப் பார்க்கவில்லை.

மாலையில் முடிவை வாசல் கதவில் ஒட்டினார்கள். கைப்பிடிக்காரர் தேறியிருந்தார், அவருக்கு ஏழாம் எண் கொடுக்கப்பட்டது. அவர் அதற்குப் பிறகு ஏழு தங்கியிருந்த வீட்டுக்கு இரண்டு தடவை வந்து, ஏழிடம் படிவம் ஆறில் கையெழுத்துப் போட்டுத் தருவதாகச் சொன்னார். போட்டும் கொடுத்தார். காலி செய்யக் குடியிருப்பு இல்லாத நிலையில் சான்றுக்கு அவசியம் இல்லை என்று ஆணையம் கோப்பை மூடியது. ஆணையத்தின் ஆண்டறிக்கையில் அந்த வருடம் இந்த ஊரில் போன வேலை பூஜ்யம் என்றும், புதிதாக வந்த வேலை ஒன்று என்றும் பதிவாகியிருக்கிறது.

தேர்வில் தவறியவர்கள் தொண்ணூறு நாள் கழித்து மறுபடி வரலாம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். துண்டு அவரவரே கொண்டுவர வேண்டும்.